"காத்தே வரல" என்றார் அப்பா: பழசானது எது?

திருச்சி (தொடங்கியவர்)

போன கோடையில் நடந்தது. அப்பாவுக்கு 78 வயது. சித்திரை பிறந்ததிலிருந்து ராத்திரி ராத்திரி ஒரே பேச்சு: "ஃபேன்ல காத்தே வரலடா." நான் அவர் அறைக்குப் போய் நிமிர்ந்து பார்ப்பேன். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ரெகுலேட்டர் ஐந்தில் இருக்கும். "சுத்துதேப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

வயசாகிவிட்டது, உடம்புக்குச் சூடு தாங்கவில்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. வயது ஏற ஏற வியர்ப்பது குறையும், தாகமும் முன்பு போல எடுக்காது. இதெல்லாம் படித்தவன்தான் நான். அதுதான் தப்பாகப் போனது. பதில் ஏற்கெனவே கையில் இருந்ததால் ஃபேனைச் சரியாகப் பார்க்கவே தோன்றவில்லை.

வைகாசியில் பாத்ரூம் ஸ்விட்ச் மாற்ற எலக்ட்ரீசியன் வந்தார். அப்பா அவரிடமும் சொன்னார். அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, றெக்கையை எண்ணிடலாம் போல சுத்துது. கண்டென்சர் போயிருக்கும்" என்றார். ஸ்டூல் போட்டு ஏறி, மேல் கப்பை இறக்கி, தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது. மேலே அதன் கொள்ளளவு 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சு. மீட்டரில் வைத்தால் 1.3 காட்டியது.

அதற்குள் என்னதான் நடந்திருக்கும் என்று அவரையே கேட்டேன், அப்புறம் தேடியும் படித்தேன். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதன்மேல் அதைவிட மெலிதாக உலோகப் பூச்சு. வோல்டேஜ் எகிறும்போது படலத்தில் எங்காவது ஊசிமுனை அளவு பொத்தல் விழும். உடனே அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் ஆவியாகி, ஷார்ட் ஆகாமல் காப்பாற்றிவிடும். தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்கிற சாமான். ஆனால் ஆறுகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உலோகம் போய்விடும். வெயில் குடித்த தளத்துக்குக் கீழே பன்னிரண்டு வருஷம் தொங்கிய பிறகு பாதிதான் மிச்சம். மோட்டாரின் இரண்டாவது காயிலுக்குப் போதிய கரண்ட் கிடைக்காமல் வேகம் இறங்கிவிடுகிறது. ஒரே நாளில் இறங்கியிருந்தால் எங்களுக்கும் தெரிந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, விடிய விடிய அதன் கீழே படுத்திருந்தவருக்கு மட்டும் தெரிந்தது.

புது கண்டென்சர் நூறு ரூபாய்க்குள்தான். மாட்டி ஸ்விட்ச் போட்டதும் தலையணை ஓரத்தில் இருந்த பேப்பர் பறந்தது. அப்பா அதைப் பொறுக்கி மடித்து, மேலே கண்ணாடிக் கூட்டை வைத்து அமுக்கிவிட்டுத் தூங்கிப்போனார். ஒன்றரை மாசமாக அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

பொருள் பழசானதை ஆள் மேல் போட்டது, ஆளுக்கு வயசானதைப் பொருள் மேல் போட்டது, இரண்டும் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். எழுதுங்களேன்.

மதுரை, டிவி மெக்கானிக்

31 வருஷமாக இதே தொழில். உங்களுக்கு நடந்ததற்கு நேர் எதிராக நடப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

"டிவியில் சத்தம் வருது, பேச்சு புரியல" என்று ஒரு அம்மா கூப்பிட்டார். 70 தாண்டியவர். போய்ப் பார்த்தேன். ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, போர்டும் நன்றாக இருக்கிறது. கூட இருந்த பேத்தி, "எனக்குத் தெளிவாத்தான் கேக்குது அங்கிள்" என்றாள். ஏற்கெனவே இரண்டு பேர் வந்து ஸ்பீக்கர் மாற்றிக் காசு வாங்கிப் போயிருக்கிறார்கள். நான் மூன்றாவது ஆள்.

காது மங்குவது எல்லாச் சத்தத்துக்கும் ஒரே மாதிரி மங்காது. முதலில் கீச்சென்ற மேல் சத்தம் போகும். உள்காதில் பிறக்கும்போது ஏறக்குறைய 15,000 நுண்மயிர் செல்கள் இருக்கும். செத்தது செத்ததுதான், மறுபடி முளைக்காது. மேல் சத்தத்தைப் பிடிக்கிற செல்கள் உள்காதின் வாசலிலேயே இருக்கின்றன, முதலில் அடிபடுவதும் அவைதான். பேச்சில் அ, ஆ, ஓ மாதிரி உயிரெழுத்துகள் கனமான கீழ்ச் சத்தம். அவை கடைசிவரை கேட்கும். ச், ட், த், க் இதெல்லாம் மெலிந்த மேல் சத்தம். அவை நழுவிவிடும். அப்போது பத்து, பட்டு இரண்டும் ஒன்று போலக் காதில் விழும். சத்தம் வருகிறது, பேச்சு புரியவில்லை என்று அந்த அம்மா சொன்னது எவ்வளவு துல்லியம் பாருங்கள். வால்யூம் கூட்டினால் கேட்கிற சத்தம் இன்னும் இடிக்கும், கேட்காதது கேட்காமலே இருக்கும். "சத்தமா சொல்லு" என்பவர்களே, சொன்னதும் "ஏன் கத்துற?" என்று கேட்பது அதனால்தான்.

அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கம். "அம்மா, செட்டில் குறை இல்லை. ஒரு தடவை காது டாக்டரைப் பாருங்க" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. விசிட் சார்ஜ் வாங்காமல் வந்துவிட்டேன். நான்கு மாசம் கழித்து மகன் கூப்பிட்டார். காது மிஷின் வைத்திருக்கிறார்களாம். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று அம்மாதான் கண்டுபிடித்தாராம்.

கண்டென்சர் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். டிவி, செட்டாப் பாக்ஸ் பவர் சப்ளையில் இருப்பது வேறு ஜாதி. அலுமினிய டப்பாவுக்குள் ஈரமான திரவம் இருக்கும். அது ரப்பர் அடைப்பு வழியாக மெல்ல மெல்லக் காயும். உள்ளே வாயு சேர்ந்தால் தலை உப்பும். டப்பா மேல் "105 டிகிரி", அதன் தயாரிப்பு விவரத்தில் "2000 மணி நேரம்" என்று இருக்கும். 2000 மணி நேரம் என்றால் மூன்று மாசம்கூட இல்லை. ஆனால் சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுசு இரட்டிக்கும் என்பது எங்கள் தொழிலில் கணக்கு. 65 டிகிரியில் ஓயாமல் ஓடினால் மூன்றரை வருஷம் வரும். 45 டிகிரியில் வைத்தால் பதினாலு வருஷம் தாண்டும். அதே டப்பா, அதே விலை. செட்டாப் பாக்ஸை மூடிய அலமாரிக்குள் வைத்து, மேலே துணி போர்த்தி, அதன் மேல் பொம்மையும் வைக்காதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்.

திண்டுக்கல்

எங்கள் அம்மா கதையும் இதேதான், ஆனால் கண்.

வீட்டில் வெளிச்சம் பத்தவில்லை என்று ஒரு வருஷத்தில் ஹாலில் டியூப்லைட்டை எடுத்து எல்இடி போட்டோம், அதை மாற்றி இன்னும் பெரிய எல்இடி போட்டோம். சமையலறைக்கும் சாமி மாடத்துக்கும் தனித்தனி லைட். அப்படியும் அரிசியில் கல் பார்க்க வாசலுக்குத்தான் போவார். பல்பு கடைக்காரரை அம்மா திட்டாத திட்டு இல்லை.

புரை என்றார் டாக்டர். கண் லென்ஸ் பற்றி அவர் சொன்னது இன்னும் மனசில் நிற்கிறது. தோல் உரிந்து புதுசு வரும், ரத்தம் புதுசு வரும். லென்ஸின் நடுப்பகுதி மட்டும் நாம் வயிற்றில் இருக்கும்போதே உண்டானது. மேலே மேலே அடுக்கு சேருமே தவிர நடுவில் இருப்பது மாறவே மாறாது. ரத்தக் குழாயும் அங்கே கிடையாது. அறுபது எழுபது வருஷ வெளிச்சத்தை வாங்கி வாங்கி அதிலுள்ள புரதம் மஞ்சளாகிப் பழுப்பேறுகிறது. அது நீல நிறத்தைத்தான் முதலில் தடுக்கும்.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த மூன்றாம் நாள் அம்மா பீரோவைத் திறந்தார். ஒரு பட்டுப்புடவையை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்துக்கொண்டே நின்றார். என் கல்யாணத்துக்கு எடுத்தது. பாக்கு நிறம் என்று ஒதுக்கி வைத்து ஏழெட்டு வருஷமாகக் கட்டவே இல்லை. "இது கத்திரிப்பூ கலர்டி" என்றார். ஆமாம், கத்திரிப்பூதான். எடுத்தபோதும் கத்திரிப்பூதான். புடவை நிறம் மங்கிவிட்டது என்று அவரும் நினைத்திருக்கிறார், அவர் சொன்னதால் நாங்களும் நம்பியிருக்கிறோம்.

மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரசு வேலையில் ஓய்வு பெற்ற 58ஆம் வயதில். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களை வைத்துக்கொண்டே ஆயிரக்கணக்கில் கண் ஆபரேஷன் செய்தார். 1992இல் அவர்களே ஆரோலேப் தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே செய்ய ஆரம்பித்த பிறகுதான் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கும் அது கைக்கு எட்டியது. அம்மா கண்ணில் ஏறக்குறைய அரை செண்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு சின்ன வில்லை இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் அந்தக் கோணல் விரல்கள் எனக்கு ஞாபகம் வரும்.

கோயம்புத்தூர்

சின்ன விஷயம்தான். அப்பா கார் மூன்று வருஷமாக ஷெட்டில் நின்றது. "ஓடவே இல்லை, டயர் புதுசுதான்" என்று எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். காற்று பிடிக்கிற இடத்தில் பையன் பக்கவாட்டில் டார்ச் அடித்துக் காட்டினான். மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. கட்டை தேயவே இல்லை. பக்கத்தில் ஓவலுக்குள் நான்கு எண்: 1415. அதாவது 2015ஆம் வருஷம் 14ஆவது வாரம் செய்தது.

ஓடினால்தான் தேயும் என்று நினைத்திருந்தேன். நின்றாலும் ரப்பர் காற்றில் இருக்கும் ஆக்சிஜனையும் ஓசோனையும் வாங்கி இறுகிவிடுகிறது. டயருக்குள் அதற்கென்றே மெழுகு மாதிரி ஒன்றைக் கலந்திருக்கிறார்கள். ஓடும்போது டயர் நெளிவதால் அது மேலே கசிந்து காப்பாற்றும். நின்ற வண்டிக்கு அந்தக் காப்பும் குறைவு. அப்பாவின் முட்டியைப் பற்றி டாக்டர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் இல்லை, நடந்து அமுக்கினால்தான் அதற்குச் சத்து போகும். வலிக்கிறது என்று உட்கார்ந்தேவிட்டார் அவர். இப்போது சாயங்காலம் இரண்டு தெரு நடக்க வைக்கிறோம்.

வீட்டு கேஸ் டியூபையும் திருப்பிப் பாருங்கள். அதிலும் வருஷம் போட்டிருக்கும். 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது.

சேலம், நர்ஸ்

இதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று தோன்றியது. பக்கத்துத் தெரு அக்காவுக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. வீட்டு மிஷினில் காலையில் 240 காட்டுகிறது, அரை மணி கழித்து 170, மறுநாள் 260. "வயசாக ஆக நோய் முத்துது" என்று பிள்ளைகள் பயந்து சாப்பாட்டைக் குறைத்துவிட்டார்கள். பழம் இல்லை, இட்லி இரண்டுக்கு மேல் இல்லை. அக்கா நடக்கும்போதே தள்ளாடினார்.

மிஷினைப் பார்க்கவில்லை நான், ஸ்ட்ரிப் டப்பாவைப் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில், மூடி சரியாக மூடாமல். தேதி முடிந்து ஏழு மாசம். அந்தச் சின்ன அட்டையில் தடவியிருப்பது நொதி (என்சைம்). சூடும் ஈரமும் பட்டால் அது கெட்டுப்போகும், அப்புறம் அது காட்டுகிற எண்ணை நம்பவே முடியாது. மூடிக்குள் ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருப்பதே அதற்காகத்தான். புது டப்பா வாங்கி, அதே நேரம் லேபிலும் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். இங்கே 148, அங்கே 152.

எண் திடீரென்று தாறுமாறாகப் போனால் சாப்பாட்டையோ மாத்திரையையோ நீங்களாகக் குறைக்காதீர்கள். டப்பாவின் தேதியைப் பாருங்கள், லேபில் ஒரு தடவை பாருங்கள், டாக்டரிடம் போங்கள்.

கும்பகோணம்

எங்கள் பாட்டிக்கு 84. இரண்டு வருஷம் முன்பு ஒரு மாசம் தொடர்ந்து சோறு குழைந்தது. அறுபது வருஷமாக அதே உழக்கு, அதே வெண்கலப் பானை. பாட்டிக்கு அளவு மறந்துபோகிறது என்று வீட்டில் மெதுவாகப் பேசிக்கொண்டோம். ஞாபக மறதி ஆரம்பம் என்று சித்தப்பா சொன்னார். பாட்டியை அடுப்படியில் நிற்கவிடாமல் அம்மா எடுத்துக்கொண்டார்.

அம்மா வடித்த சோறும் குழைந்தது.

பாட்டி திண்ணையில் இருந்து எழுந்து வந்து, மூட்டையில் கைவிட்டு நான்கு அரிசி எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தார். "புது அரிசி. பழசு நறுக்குனு ஒடியும், இது மாவா மசியுது" என்றார். கடைக்காரர் ஒரு வருஷப் பழைய பொன்னி என்று சொல்லிக் கொடுத்தது அந்த அறுவடை நெல்லாம், கேட்டதும் ஒத்துக்கொண்டார். அரிசி மூட்டையில் கிடக்கக் கிடக்க அதிலுள்ள புரதம் ஒன்றோடொன்று பின்னி இறுகுகிறது. அதனால் பழைய அரிசி தண்ணீரை நிறைய வாங்கி நீளமாக உப்பும், உடைந்து கூழாகாது. புது அரிசிக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

வயசானதால் மேலாகிற சாமானும் உண்டு என்பதை எழுதத்தான் வந்தேன். ஆனால் எழுதும்போது எனக்கு நிற்பது வேறு. அந்த ஒரு மாசமும் பாட்டி எதுவும் பேசவில்லை. தனக்கே சந்தேகம் வந்திருக்கும்போல. அடுப்படியை அம்மா திருப்பிக் கொடுத்த அன்று, முதலில் உழக்கைத்தான் தேய்த்துக் கழுவினார்.

திருச்சி (தொடங்கியவர்)

எல்லாவற்றையும் ராத்திரி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கும்பகோணத்துப் பாட்டி கதையை மட்டும் இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னார்.

ஃபேனைச் சரிசெய்த பிறகும் ஒன்று பாக்கி இருந்தது. அவருக்குத் தாகமே எடுப்பதில்லை, அது நிஜமாகவே வயது. ஒரு லிட்டர் சொம்பில் தண்ணீர் நிரப்பிக் கட்டில் பக்கத்தில் வைக்கிறேன். மத்தியானத்துக்குள் காலியாக வேண்டும், சாயங்காலம் இன்னொன்று. அளவு எங்கள் டாக்டர் சொன்னது. இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் அவரவர் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசித்து முடித்ததும் அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "உங்கம்மா ரூம் ஃபேனையும் பார்க்கச் சொல்லு. அவ சொல்ல மாட்டா" என்றார். போய் நிமிர்ந்து பார்த்தேன். றெக்கையை எண்ண முடிந்தது. நாளைக்குக் காலை எலக்ட்ரீசியன் வருகிறார்.