1958 ஹேமர் டிராகுலா: கிளாசிக்னு சொல்ற அளவுக்கு இதுல என்ன இருக்கு?

பழையரீல்:
நண்பர்களே, கிறிஸ்டோபர் லீ நடிச்ச டிராகுலா, அதான் ஹேமர்ங்கற பிரிட்டிஷ் படக் கம்பெனிக்காக டெரன்ஸ் ஃபிஷர் எடுத்த 1958 படம், நேத்து ராத்திரி ஒருவழியா முழுசா பார்த்துட்டேன். 82 நிமிஷம், வேகமா போகுது, ஆனா எனக்கு பயமே வரலை. பிராம் ஸ்டோக்கர் நாவல்ல வர்ற கப்பல் இல்ல, லண்டன் இல்ல, டிராகுலாவுக்கு அடிமையாகுற பைத்தியக்காரன் ரென்ஃபீல்ட் இல்ல. லீ ஆரம்பத்துல ஹார்க்கர்கிட்ட நாலு வார்த்தை பேசுறார், அதுக்கப்புறம் படம் முடியிற வரை வாயே திறக்கலை. இதைவிட என்னால ஏத்துக்கவே முடியாதது ஹார்க்கர் பண்றதுதான். அவன் டிராகுலாவை கொல்லணும்னே நூலகர் வேலைக்கு வந்த மாதிரி கோட்டைக்குள்ள நுழையுறான், கடைசியில சவப்பெட்டி ரெண்டையும் கண்டுபிடிக்கிறான், ஒண்ணுல டிராகுலா, இன்னொண்ணுல கோட்டையில இருக்கற ரத்தக்காட்டேரிப் பொண்ணு, வெளிய சூரியன் சாஞ்சிட்டு இருக்கு, இருட்டினா டிராகுலா எழுந்துடுவான், எவனாவது முதல்ல அந்தப் பொண்ணு நெஞ்சுல ஆப்பு அடிப்பானா? படம் வந்தப்போ பிரிட்டிஷ் விமர்சகர்களே நல்லா திட்டி எழுதினாங்கன்னு படிச்சேன். அவங்க சொன்னது சரியா, இல்ல இப்போ தலைல தூக்கி வச்சு கொண்டாடுறவங்க சொல்றது சரியா?

மெழுகுவத்தி:
திட்டினாங்க, ஆனா உங்க காரணத்துக்காக இல்ல. அப்சர்வர் பத்திரிகையில எழுதின சி.ஏ. லெஜ்யூன் அம்மா, இவ்வளவு மட்டமான ரசனையில ஒரு படத்தை பிரிட்டன்ல இருந்து அனுப்பினதுக்கு அமெரிக்கர்கள்கிட்ட மன்னிப்பு கேக்கணும் போல இருக்குன்னு எழுதினாங்க. டெய்லி வொர்க்கர் பத்திரிகையில நினா ஹிபின், சும்மா சிரிச்சிட்டு வரலாம்னு போய் அருவருப்போடயும் கோபத்தோடயும் திரும்பினாங்க. சென்சார், 16 வயசுக்குக் கீழ உள்ளவங்க பார்க்கக் கூடாதுங்கற எக்ஸ் சர்டிஃபிகேட்தான் கொடுத்துச்சு. அதாவது படம் அவங்கள உலுக்கிருக்கு, பயம் வரலைங்கறது அவங்க குற்றச்சாட்டே இல்ல.

ஏன்னு யோசிச்சுப் பாருங்க. 1931ல பெலா லுகோசி நடிச்ச டிராகுலா கறுப்பு வெள்ளை, கோரைப்பல்லே காட்ட மாட்டாங்க, கடிக்கப் போறப்போ கேமரா நகந்துடும். இங்க டைட்டில் ஓடும்போதே டிராகுலா பேர் செதுக்கின சவப்பெட்டி மேல பளிச்னு சிவப்பு ரத்தம் சொட்டுது. லீ அறிமுகம் பாருங்க, படிக்கட்டு உச்சியில கறுப்பா ஒரு நிழல், இறங்கி வந்தா நல்லா வளர்ந்த, மரியாதையா வேகமா பேசுற ஒரு கனவான். அதே ஆள் கொஞ்ச நேரத்துல லைப்ரரில கண்ணெல்லாம் சிவந்து வாயெல்லாம் ரத்தமா மேஜை மேல ஏறித் தாவுறான். அதுக்கப்புறம் அவனுக்கு வசனம் எதுக்குங்க? அவன் பேசாததாலதான் மிருகம் மாதிரி இருக்கான்.

ஆனா என்னைக் கேட்டா படத்தோட உயிர் மினா சீன்தான். ராத்திரி டிராகுலாகிட்ட போய்ட்டு காலைல வீட்டுக்குத் திரும்பி வர்றப்போ மெலிசா ஸ்ட்ரிப்ளிங் முகத்துல ஒரு சின்ன சிரிப்பு இருக்கும் பாருங்க, புருஷன் ஆர்தருக்கு ஒண்ணுமே புரியாது. ஆர்தரோட தங்கச்சி லூசியும் அவனுக்காக ஜன்னலைத் திறந்து வச்சிட்டு காத்திருக்கா, 1958 விமர்சகர்களுக்கு ஆத்திரம் வந்ததுல இதுக்கும் பங்கு இருக்கும்னு நான் நினைக்கிறேன். அவங்க படத்தை சரியாத்தான் பார்த்தாங்க, பார்த்தது அவங்களுக்குப் பிடிக்கலை, அவ்வளவுதான். 1973ல டேவிட் பைரி பிரிட்டிஷ் திகில் படங்களைப் பத்தி தனிப் புத்தகமே எழுதி ஃபிஷரை சீரியஸா எடுத்துப் பேசினப்போதான் காத்து திசை மாற ஆரம்பிச்சது.

ஒலித்தடம்:
ஜேம்ஸ் பெர்னார்ட் மியூசிக்கை யாரும் சொல்லலையே. அந்த மெயின் தீமை கேளுங்க, டி-ரா-கு-லாங்கற பேரையே ஆர்கெஸ்ட்ரா கத்துற மாதிரி இருக்கும். அடுத்த தடவை ஹெட்போன் போட்டுப் பாருங்க.

கோட்டைவாசல்:
மெழுகுவத்தி சொன்னதுல பாதி ஒத்துக்கறேன், ஆனா மினா விஷயத்துல இல்ல. ஸ்டோக்கரோட 1897 நாவல்ல எல்லாருடைய டைரியையும் டைப் அடிச்சு, தேதி வாரியா அடுக்கி, டிராகுலா எந்த வழியா தப்பிப் போறான்னு யோசிச்சு சொல்றதே அவதான். படத்துல அந்த மூளையை அப்படியே எடுத்துட்டு வெறும் ஆர்தர் மனைவியா ஆக்கிட்டாங்க. ஆசையைக் காட்டினாங்க சரி, அறிவை ஏன் பறிச்சாங்க? கப்பலும் லண்டனும் போனதுக்கு பட்ஜெட் காரணம், திரைக்கதை எழுதின ஜிம்மி சாங்ஸ்டர் சின்ன செலவுக்குள்ள அடங்கற மாதிரி எழுதியாகணும், அது புரியுது. இதுக்கு பைசா செலவே இல்லையே. நடுவுல செக்போஸ்ட் அதிகாரி காமெடி வேற, பதட்டத்தை அப்படியே இறக்கி வச்சிடுது.

ஆனா டிராகுலாவை வேட்டையாடுற வான் ஹெல்சிங்கா நடிச்ச பீட்டர் குஷிங் மேல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். காட்டேரியா மாறின லூசிகிட்ட இருந்து தப்பின அந்தக் குட்டிப் பொண்ணுக்கு தன் கோட்டைக் கழட்டிப் போர்த்தி, கரடி பொம்மை மாதிரி இருக்கேன்னு சொல்லி, கையில சிலுவையைக் கொடுத்து உக்கார வச்சிட்டு வேலைக்குப் போற இடம் இருக்கே, அந்த ஒரு நிமிஷத்துல வான் ஹெல்சிங் யாருன்னு தெரிஞ்சிடும். கடைசியில நீளமான மேஜை மேல ஓடி, தாவி, திரையைப் பிச்சு இழுத்து, ரெண்டு மெழுகுவத்தி ஸ்டாண்டை சிலுவையா பிடிக்கறதும் குஷிங் கொடுத்த ஐடியாதான். நாவல்ல கத்தியால கொல்றதைவிட இந்த சூரிய வெளிச்ச முடிவு எனக்கு எவ்வளவோ மேல். ஹார்க்கர் பண்ணதுக்கு மட்டும் என்கிட்டயும் பதில் இல்ல.

பழையரீல்:
எல்லாருக்கும் நன்றி. இப்போதான் மினா திரும்பி வர்ற சீனை மறுபடி போட்டுப் பார்த்தேன், நேத்து அந்த சிரிப்பை நான் கவனிக்கவே இல்ல, இப்போ நிஜமாவே முதுகு சில்லுனு ஆச்சு. ஆனா நான் பார்த்த பிரிண்ட்ல டிராகுலா அழியறது ரொம்ப சீக்கிரம் முடிஞ்ச மாதிரி தெரிஞ்சது, அது அவ்வளவுதானா?

மெழுகுவத்தி:
இல்ல, நீங்க பார்த்தது வெட்டின பிரிண்டா இருக்கும். ஜப்பான்ல ரிலீஸ் ஆன பிரிண்ட்ல கூடுதல் ஷாட்ஸ் இருந்துச்சு, 1984ல அங்க ஃபிலிம் காப்பகத்துல நடந்த தீ விபத்துக்கு அப்புறம் கடைசி ரீல்கள் மட்டும்தான் மிஞ்சினது. 2011ல அதை டோக்கியோவுல கண்டுபிடிச்சு, ரிப்பேர் பண்ணி, 2013ல வந்த ப்ளூரேல சேர்த்துட்டாங்க. லீ தன் முகத்தை விரலாலேயே பிராண்ட, தோல் உரிஞ்சு வர்ற ஷாட் அதுல இருக்கு, டிராகுலா மினாவைக் கடிக்க வர்ற சீனும் அதுல கொஞ்சம் நீளம். அந்த வெர்ஷனைத் தேடிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.