1973 ஃபோக்ஸ்வாகன் வேன்: தாழ்ந்துபோன பின்புறத்தை 3 சென்டிமீட்டர் உயர்த்துவது எப்படி?

பழையவேன்73 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1973ஆம் ஆண்டைச் சேர்ந்த ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன் ஒன்று உள்ளது. அதன் உட்புறத்தில் படுக்கை, மர அலமாரி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பொருத்திய பிறகு பின்புறம் சிறிது சிறிதாகத் தாழ்ந்துகொண்டே வருகிறது. இப்போது சற்றுப் பெரிய பள்ளத்தில் இறங்கினாலே அச்சுக்கு மேலுள்ள ரப்பர் தடுப்பில் இடிக்கும் ஓசை கேட்கிறது. இரவில் முகப்பு விளக்கின் ஒளி சாலையில் விழாமல் எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. டயர்கள் உரிய அளவிலேயே உள்ளன. பின்புறத்தை ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் உயர்த்த விரும்புகிறேன். காற்றடைத்த ஷாக் அப்சார்பர் போட்டால் போதும் என்று ஒருவரும், முறுக்குத் தண்டின் (முறுக்கேறி ஸ்பிரிங் போல் வண்டியைத் தாங்கும் எஃகுத் தண்டு) பற்களை மாற்றிப் பூட்ட வேண்டும் என்று இன்னொருவரும் கூறுகிறார்கள். எது சரியான வழி? இதை வீட்டிலேயே செய்ய இயலுமா?

கிரீஸ்கை எழுதியது:

உயர்த்துவதற்கு முன்பு, வண்டி ஏன் தாழ்ந்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள். உள்ளேயிருந்து எடுக்கக்கூடிய பாரத்தையெல்லாம் எடுத்துவிட்டு, தொட்டியையும் காலி செய்துவிட்டு, சமதளத்தில் நிறுத்திச் சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாரத்தை இறக்கியதும் வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிட்டால் தண்டில் குறையேதும் இல்லை. நீங்கள் ஏற்றியது அதிகம் என்றுதான் பொருள்.

அடுத்து புஷ்களைப் பாருங்கள். முறுக்குத் தண்டின் வெளிமுனையைச் சக்கரம் தாங்கும் பின்கையோடு இணைக்கும் தகடுதான் ஸ்பிரிங் பிளேட். அதன் குழல் போன்ற நடுப்பகுதி இரண்டு ரப்பர் புஷ்களுக்கிடையே (வளையம் போன்ற தாங்கிகள்) அமர்ந்திருக்கிறது. வெளிப்புற மூடியின் வட்டத் துளைக்குள் அந்தக் குழல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் ரப்பர் நசுங்கிவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். ஐம்பதாண்டுப் பழைய ரப்பரை அப்படியே விட்டுவிட்டுத் தண்டை மட்டும் திருப்பிப் பூட்டியவர்கள் சில மாதங்களில் மறுபடியும் அதே வேலையைச் செய்ய நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். (அவர்களில் நானும் ஒருவன்.)

காற்றடைத்த ஷாக் அப்சார்பரை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஷாக்கின் போல்ட்டும் அதைத் தாங்கும் பிடியும் அசைவைத் தணிப்பதற்காக அமைக்கப்பட்டவையே தவிர, வண்டியின் எடையை ஓயாமல் சுமப்பதற்காக அல்ல.

பல்லெண்ணி எழுதியது:

மேலே சொன்னவற்றை முடித்த பிறகும் உயரம் போதவில்லை என்றால் தண்டின் பற்களை மாற்றிப் பூட்டுவதே முறையான வழி. அதன் கணக்கு அழகானது. தண்டின் உள்முனையில் 40 பற்களும் வெளிமுனையில் 44 பற்களும் உள்ளன. ஆகவே உள்முனையில் ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை திரும்பும். வெளிமுனையில் ஒரு பல் நகர்த்தினால் ஏறத்தாழ 8 பாகை 10 கலை திரும்பும் (60 கலை ஒரு பாகை). தண்டை ஒரு திசையில் ஒரு பல்லும், அதன்மீது பிளேட்டை எதிர்த்திசையில் ஒரு பல்லும் நகர்த்தினால் மிஞ்சும் வேறுபாடு சுமார் 50 கலை மட்டுமே, அதாவது ஒரு பாகைக்கும் குறைவு.

இதை உயரமாக மாற்றுவதற்கு, தண்டின் மையத்திலிருந்து சக்கர மையம் வரையுள்ள தொலைவை உங்கள் வண்டியிலேயே அளந்துகொள்ளுங்கள். அது 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 50 கலைக்கு 6 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயர்வு கிடைக்கும். அவசரப்பட்டு வெளிமுனையில் மட்டும் ஒரு பல்லை நகர்த்துபவருக்கு ஏறத்தாழ 57 மில்லிமீட்டர் உயர்ந்துவிடுவதால் வண்டி வெட்டுக்கிளியைப் போல் பின்புறம் தூக்கி நிற்கும். உங்களுக்குத் தேவையான 3 சென்டிமீட்டருக்கு, தண்டைப் பிளேட்டின் பின்முனை கீழே இறங்கும் திசையில் ஐந்து பல்லும், பிறகு பிளேட்டைத் தண்டின்மீது மேல்நோக்கி ஐந்து பல்லும் நகர்த்தினால், நிகரமாகச் சுமார் 4 பாகை இறக்கமும் 29 மில்லிமீட்டர் உயர்வும் கிடைக்கும்.

எதையும் கழற்றுவதற்கு முன்பே, பிளேட்டும் பின்கையும் சேரும் இடத்தில் இரண்டின்மீதும் படும்படி உளியால் ஒரு கோடு கீறிவிடுங்கள். பூட்டும்போது அது பொருந்தாவிட்டால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி டயரைத் தின்றுவிடும். பிளேட் பாரமின்றித் தொங்கும் கோணத்தையும் கோணமானியால் அளந்துகொள்ளுங்கள். தரை சமமாக இருக்கிறது என்று நம்பாமல், அடிச்சட்டத்தின் சாய்வையும் அளந்து அதைக் கழிக்க வேண்டும். இடத் தண்டையும் வலத் தண்டையும் மாற்றிப் போடக் கூடாது, ஏனெனில் ஒவ்வொன்றும் அதனதன் திசையில் முன்முறுக்கு ஏற்றப்பட்டது. முனையில் எழுத்துக் குறி இருக்கும். தண்டின் மேற்பூச்சில் கீறல் விழுந்தால் அங்கே துரு பிடித்து, பின்னர் அதே இடத்தில் முறியும். ஆகவே பற்களுக்குக் கிரீஸும், புதிய புஷ்களுக்கு டால்கம் பவுடரும் தடவிப் பூட்டுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பற்களை மாற்றுவதால் தண்டின் விறைப்பு கூடுவதில்லை, அது தொடங்கும் இடம் மட்டுமே மாறுகிறது. நிரந்தரமாகப் பெருஞ்சுமை ஏற்றப்போகிறீர்கள் என்றால் தடித்த தண்டுதான் விடை.

மெதுவாகஓட்டி எழுதியது:

மேலே உள்ள விளக்கத்தில் விடுபட்டது உயிர் தொடர்பானது. வண்டி தூக்கப்பட்டிருக்கும்போதும் பிளேட் தன் தடுப்பின்மீது முறுக்கோடுதான் அழுந்தி நிற்கிறது. ஷாக்கைக் கழற்றி, பிளேட்டை ஜாக்கியால் சிறிது உயர்த்தி, தடுப்பிலிருந்து வெளிப்புறம் நகர்த்தி, பிறகு மெல்ல மெல்ல இறக்க வேண்டும். அப்போது ஜாக்கி நழுவினால் பிளேட் வெட்டுக்கத்தியாகிவிடும். ஜாக்கியையும் அடிச்சட்டத்தையும் சங்கிலியால் பிணைத்துவிட்டு, பிளேட்டின் பாதையில் கை, கால், முகம் எதுவும் வராமல் ஒரு பக்கமாக நின்று வேலை செய்யுங்கள்.

உயர்த்திய பிறகு, சக்கரங்கள் முழுவதும் தொங்கும் நிலையில் அவற்றைக் கையால் சுழற்றி, சி.வி. ஜாயின்ட்டுகள் (சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் வளையும் மூட்டுகள்) எங்கும் இறுகாமல் திரும்புகின்றனவா, அவற்றின் ரப்பர் உறைகள் உரசுகின்றனவா என்று பாருங்கள். 1967ஆம் ஆண்டு வரை வந்த பிளவுக் கண்ணாடி வேன் வைத்திருப்பவர்கள் இந்த அளவை அப்படியே பின்பற்ற வேண்டாம். அவற்றின் ஊசலாடும் அச்சில் (அச்சு மேலும் கீழும் அசையும்போது சக்கரமும் சேர்ந்து சாயும் அமைப்பு) பின்புறத்தை உயர்த்தினால் சக்கரங்களின் அடிப்பகுதி உள்ளே சாய்ந்துகொள்ளும். வேகமான வளைவில் சக்கரம் மடங்கி வண்டி கவிழக்கூடும். உங்கள் 1973 வண்டியிலும் சாய்வு ஓரளவு மாறும் என்பதால் சக்கர அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

பழையவேன்73 எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பாரத்தை இறக்கியபோது வண்டி 1 சென்டிமீட்டர்தான் எழும்பியது. வலப்பக்கக் குழல் மூடியின் துளையில் கண்ணுக்குத் தெரியும்படி மேலே ஒதுங்கியிருந்தது. புஷ்கள் நான்கையும் மாற்றி, மூன்று பல் மட்டும் நகர்த்திப் பூட்டினேன். இடிக்கும் ஓசை நின்றுவிட்டது. ஆனால் இடப்பக்கம் 6 மில்லிமீட்டர் அதிகமாக நிற்கிறது. அங்கு ஒரு பல்லைத் திருப்பி எடுத்துவிடலாமா?

பல்லெண்ணி எழுதியது:

உடனே கழற்ற வேண்டாம். வண்டியை மேடு பள்ளமான சாலையில் சில நாட்கள் ஓட்டிப் புதிய ரப்பர் படிந்த பிறகு, தொட்டியை நிரப்பி மறுபடியும் அளந்து பாருங்கள். உங்கள் தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

பழையவேன்73 எழுதியது:

இடப்பக்கம்தான். அளந்தபோது காலியாக இருந்தது.