பாப்பாவுக்கு போன் தெரியுமா?

பாளை சித்தப்பா: பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்துவிட்டிருக்காங்க. 'உங்கள் பிள்ளைக்குக் கைபேசி பயன்படுத்தத் தெரியுமா? தெரியும், ஓரளவு, தெரியாது.' பெரியவனுக்கு 'தெரியும்' என்று டிக் அடித்துவிட்டேன். பாப்பாவுக்கு என்ன போட?

கடையம் சித்தி: தெரியாதுன்னே போடுங்க அத்தான். அவ எங்கே போனைத் தொடுதா?

அம்பை அத்தை: இருங்க, இருங்க. டிக் அடித்தால் என்ன தெரியும் தம்பி? போனைக் கையில் கொடுத்து ஒரு வேலை சொல்லு. நீ வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்.

அம்பை அத்தை: பிள்ளைகளின் படிப்புக்காக வேலை செய்கிற பிரதம் என்ற தொண்டு அமைப்பு, ஏசர் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. அதில் 2023-இல் அப்படித்தான் பார்த்தார்கள். கிராமத்துப் பிள்ளைகள், 14 முதல் 18 வயது. நம் மாநிலத்தில் பெரம்பலூர் மாவட்டம். போனைக் கொண்டுவரச் சொல்லி, அலாரம் வை, இதைத் தேடிச் சொல், இந்த வீடியோவைக் கண்டுபிடித்து அனுப்பு, கூகுள் மேப்பில் இங்கிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் பார் என்று வேலை கொடுத்தார்கள்.

பாளை சித்தப்பா: சரிக்கா, இப்பவே பார்க்கிறேன்.

பாளை சித்தப்பா: அக்கா, பெரியவன் வீடியோவை நொடியில் எடுத்துவிட்டான். மேப்பில் பாபநாசம் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்தைத் தொட்டுவிட்டு, அஞ்சு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்கிறான்! நான் கேட்டது நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசம், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையன் கோயிலுக்கு வருஷாவருஷம் போகிற வழி. ஒன்றரை மணி நேரத்தில் போய்விடுவோமே என்று அவனுக்குத் தோணவே இல்லை.

அம்பை அத்தை: இதைத்தான் பார்க்கணும். விரல் வேகம் வேற, வந்த பதில் சரியா என்று நிதானிக்கிறது வேற. பாப்பா?

பாளை சித்தப்பா: அவளுக்கு லாக் எடுக்கவே தெரியவில்லை. பேட்டர்ன் அண்ணனுக்குத் தெரியும், இவளுக்கு யாரும் சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அலாரம் காலை 5 மணிக்குக் கேட்டால் மாலை 5-க்கு வைத்தாள். அப்புறம் அவளே பார்த்துத் திருத்திவிட்டாள்.

கடையம் சித்தி: நான் தெரியாதுன்னு போடச் சொன்னது தப்பு.

அம்பை அத்தை: அந்தக் கணக்கெடுப்பில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 100-க்கு ஏறக்குறைய 44 பேரிடம் சொந்த போன் இருந்தது. பெண்பிள்ளைகளில் 20 பேரிடம்தான். கையிலேயே கொடுக்காமல் மார்க் போட்டால் அது பிள்ளைக்கான மார்க்கா?

பாளை சித்தப்பா: பேட்டர்னைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். பெரியவனுக்கு 'ஓரளவு' என்று மாற்றியாச்சு. பாப்பாவுக்கு டிக் அடிக்கவில்லை. 'வீட்டில் இதுவரை கொடுக்கவில்லை, இன்றுதான் கொடுத்தோம்' என்று ஓரத்தில் எழுதிவிட்டேன்.