மொழித் தேர்வுப் பட்டியலில் நாட்டுக் கொடிகள்

கேள்வி: ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மொழிகளில் இயங்கும் எங்கள் தளத்தில், மொழிப் பெயர்களுக்கு முன்னால் கொடிப் படங்களைச் சேர்க்க விரும்புகிறோம். எந்தக் கோப்பு வடிவம் ஏற்றது?

மறுமொழி 1: எஸ்விஜி (SVG), அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத பட வடிவம். எமோஜிக் கொடிகளை நம்ப வேண்டாம். விண்டோஸின் எமோஜி எழுத்துருவில் நாட்டுக் கொடிகள் இல்லாததால், பல உலாவிகளில் கொடிக்குப் பதிலாக நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளே தெரியும்.

மறுமொழி 2: கொடியே தேவையா என்பதை முதலில் யோசியுங்கள். கொடி நாட்டுக்குரியது, மொழிக்குரியதன்று. ஸ்பானியத்துக்கு ஸ்பெயின் கொடியை வைத்தால் மெக்சிகோ வாசகர் தமக்கு அங்கே இடமில்லை என்றே உணரக்கூடும், சுவிட்சர்லாந்துக்கோ 4 தேசிய மொழிகள் உள்ளன. ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதன் சொந்த எழுத்திலேயே எழுதி, இணைப்பில் அது எந்த மொழி என்பதைக் குறிக்கும் லாங் (lang) பண்பைச் சேர்த்துவிட்டால், திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பானும் அதைச் சரியாக உச்சரிக்கும்.

மறுமொழி 3: உடன்படுகிறேன். ஆனால் நாணயமும் விலையும் நாட்டுக்கு நாடு மாறும் தளமென்றால், நாட்டைத் தேர்ந்தெடுக்கும் தனிப் பட்டியலில் கொடி பொருத்தமானதே.