மோரேயில் ஒரு கண்மாய் விசாரிப்பு

2019 பிப்ரவரியில் திமாப்பூரிலிருந்து கோஹிமா, இம்பால் வழியாக, மணிப்பூரில் மியான்மர் எல்லையை ஒட்டிய மோரே வரை போனேன். பழைய கணக்கில் அது தேசிய நெடுஞ்சாலை 39. அசாமின் நுமாலிகரில் தொடங்கி மியான்மர் எல்லையில் முடியும் 436 கிலோமீட்டர். இப்போது துண்டு துண்டாக வேறு எண்கள். இம்பாலுக்கு அப்புறம் வருவது 102.

கோஹிமாவில் 1944 போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டத்தில் சிறிது நேரம் நின்றேன். மறுநாள் இம்பாலிலிருந்து ஷேர் வேன். பல்லேல் வரை வயல்வெளி, அதற்குப் பிறகு ஒரே ஏற்றம். தெங்நௌபால் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் மலைக்காற்றில் நடுங்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த மணிப்பூரிப் பெண்மணி ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். எந்த ஊர் என்று இந்தியில் கேட்டார். சொன்னதும், “மோரேயில் உங்கள் ஆட்கள் இருக்கிறார்களே” என்றார்.

கேள்விப்பட்டிருந்தேன். ஆனாலும் அங்காள பரமேஸ்வரி கோயில் கோபுரத்தை அங்கே கண்ணால் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

கோயில் வாசலில் ஓர் அம்மா பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். “அம்மா, தமிழா?” என்றேன். “வா தம்பி, உக்காரு” என்றார். ரங்கூனில் அவர் அப்பாவுக்கு மளிகைக்கடை. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. ஏழு வயதில் கப்பலேறி மெட்ராஸ் வந்திருக்கிறார். தமிழ்நாட்டில் பிழைப்பு அமையவில்லை. பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று அப்பா குடும்பத்தோடு தரைவழியாகக் கிளம்பினார். எல்லையில் தடுத்துவிட்டார்கள். தடுத்த இடத்திலேயே குடிசை போட்டார்கள். மோரேயின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இதே கதைதான்.

எல்லைக் கதவு அங்கிருந்து கொஞ்ச தூரம். அந்தப் பக்கம் மியான்மரின் தமு என்ற ஊர்; கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். நான் அங்கே போகவில்லை. அந்த அம்மாவின் பேச்சை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

நான் சிவகங்கைப் பக்கம் என்றதும் பூத் தொடுத்த கை நின்றது. அவருடைய தாத்தா ஊரும் அந்தப் பக்கம்தான். அவர் பார்த்ததே இல்லை. “கண்மாயில தண்ணி கெடக்கா தம்பி?” என்று கேட்டார். அந்த வருடம் வறட்சி. இல்லை என்றேன். “அப்பா சாகுற வரைக்கும் அந்தக் கண்மாயத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாரு” என்றார்.

2023 மே மாதத்தில் மணிப்பூரில் மெய்தி, குகி மக்களிடையே வெடித்த மோதல் மோரேயையும் விட்டுவைக்கவில்லை. வீடுகள் எரிந்த செய்தி வரும்போதெல்லாம் அவர் முகம்தான் நினைவுக்கு வரும். தொலைபேசி எண்ணைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன். மோரேயில் சொந்தபந்தம் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், கோயில் வாசலில் பூ விற்கும் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது.