ஆர்கைல் ரெஜிமென்ட் தொப்பிச் சின்னம்: கிரீடத்தை வைத்துக் காலம் சொல்ல முடியுமா?

செங்கோடன்:
ஸ்காட்லாந்தின் ஆர்கைல் அண்டு சதர்லேண்ட் ஹைலேண்டர்ஸ் என்ற காலாட்படை ரெஜிமென்ட்டின் பழைய தொப்பிச் சின்னங்கள் இரண்டு வாங்கினேன். இரண்டிலும் நடுவில் பின்னிய எழுத்து, இருபுறமும் பன்றித் தலையும் பூனையும், சுற்றிலும் திசில் என்ற ஸ்காட்லாந்து முட்செடியின் வளையம். ஒன்று கனமானது, மங்கிய வெள்ளை, பின்னால் இரண்டு வளையங்கள். மற்றது லேசானது, பளபளக்கிறது. "ராஜா கிரீடம் இருக்கிறது, 1942 சிங்கப்பூர் சண்டைக் காலத்தது" என்று சொல்லி, பளபளப்பானதற்கே விற்றவர் அதிக விலை வாங்கினார். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது ராஜா கிரீடம் போலவும் இல்லை, ராணி கிரீடம் போலவும் இல்லை. எதை நம்புவது?

மலைமகன்:
விற்றவரை நம்பாதீர்கள். அது அரியணைக் கிரீடமே அல்ல. விக்டோரியா மகாராணியின் மகள் இளவரசி லூயிஸின் சிறுகிரீடம். பின்னியிருப்பதும் அவருடைய 'எல்' எழுத்துத்தான்: ஒன்று நேராக, ஒன்று திரும்பி. 1871இல் அவர் ஆர்கைல் பிரபுவின் மகனை மணந்தார். 1881இல் 91ஆம், 93ஆம் ரெஜிமென்ட்கள் இணைந்தபோது புதிய படைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பன்றித் தலை ஆர்கைலின் கேம்ப்பெல் குலத்துக்குரியது, காட்டுப்பூனை சதர்லேண்டுக்குரியது. அரியணையில் ஆள் மாறினாலும் இந்தச் சின்னம் மாறவேண்டிய அவசியமே இல்லை.

கிரீட வடிவத்தை வைத்துக் காலம் சொல்லும் கணக்கு, பிளாக் வாட்ச் என்ற இன்னொரு ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்டின் சின்னத்துக்குப் பொருந்தும். வளைவுகள் மேல்நோக்கிக் குவிந்திருந்தால் ராஜா கிரீடம், 1953க்கு முந்தைய வடிவம்; நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் ராணி கிரீடம், எலிசபெத் காலம்.

பித்தளைப்பித்தன்:
அப்படியானால் பின்பக்கத்தைத்தான் பார்க்கவேண்டும். சிப்பாய்கள் அணிந்தது வெள்ளை உலோகம் எனப்படும் வெள்ளி நிறக் கலப்பு உலோகத்தில் அச்சிட்டு அடித்தது. முன்னால் மேடாக இருக்குமிடம் பின்னால் குழிந்திருக்கும். பின்பக்கம் சொரசொரப்பாக, குழியே இல்லாமல் இருந்தால் வார்ப்பு நகல். பூனையின் மயிர்க்கோடுகள் மழுங்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். அதிகாரிகளுடையது வெள்ளி, ஹால்மார்க் முத்திரை இருந்தால் ஆண்டெழுத்தே காலத்தைச் சொல்லிவிடும். காந்தச் சோதனை வேண்டாம்; வெள்ளை உலோகமும் ஒட்டாது, அலுமினியமும் ஒட்டாது.

உங்கள் லேசான சின்னம் நிறமேற்றிய அலுமினியம் என்றே தோன்றுகிறது. பிரிட்டிஷ் ராணுவத்தில் அது 1950களில்தான் பரவியது. 1942 ஜனவரி 31இல் ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் பின்வாங்கிய ஆர்கைல் வீரர்களின் தொப்பியில் அது எப்படி ஏறும்?

செங்கோடன்:
பார்த்துவிட்டேன். கனமானதன் பின்புறம் பன்றி மூக்குவரை குழி தெளிவாகத் தெரிகிறது. லேசானது அலுமினியமேதான். இன்னொரு சந்தேகம்: 1960களின் படமொன்றில் ஆர்கைல் வீரர் மான் தலைச் சின்னம் அணிந்திருக்கிறார். படக்குறிப்பு தவறா?

மலைமகன்:
சரியாகவே இருக்கலாம். 1950களின் இறுதியிலிருந்து சுமார் பத்தாண்டுகள் ஹைலேண்ட் ரெஜிமென்ட்கள் அனைத்துக்கும் ஒரே பிரிகேட் சின்னம்: ஆண்ட்ரூ சிலுவைமேல் (X வடிவச் சிலுவை) மான் தலை. பிறகு பழைய சின்னங்கள் திரும்பின. 2006இல் எல்லாம் ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்தில் சேர்ந்தபின் மறுபடியும் பொதுச் சின்னம். எந்தப் பழைய ரெஜிமென்ட்டின் வழிவந்தவர் என்பதைத் தொப்பியிலுள்ள இறகுக் குஞ்சத்தின் நிறத்தால்தான் அடையாளம் காணவேண்டும். ஆர்கைலுக்குப் பச்சை, பிளாக் வாட்சுக்குச் சிவப்பு.

பித்தளைப்பித்தன்:
அலுமினியத்தைத் திருப்பியனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். கனமானதைப் பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த மயிர்க்கோடுகள்தாம் முதலில் தேயும்.