சோதனை வசதிக்குப் பெயர் வைப்பது: முன்னொட்டா, ஃப்ளாக்கா?

அரைப்புள்ளி:
"சோதனை நிலையில் இருக்கிற எல்லா வசதிக்கும் பெயருக்கு முன்னால் 'எக்ஸ்பெரிமென்டல்_' என்று ஒட்டிவிடுங்கள், பயனர்கள் தானாகவே கவனமாக இருப்பார்கள்." ஜேசன் தரவைப் படிக்கும் நம் நூலகத்தில் சோதனை வசதிகளுக்கு எப்படிப் பெயர் வைப்பது என்ற பேச்சில், நேற்று நம் கர்னல்கிழவர் அருளிய வாக்கு இது. அதற்குக் கைதட்டல் வேறு.

இது தோற்றுப்போன யோசனை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள் ஐயா. இணைய நெறிமுறை ஆவணங்களில் ஒன்றான ஆர்எஃப்சி 6648, ஜூன் 2012. புதிதாக வரும் அளவுருக்களுக்கு 'எக்ஸ்-' என்று முன்னால் ஒட்டாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். காரணமும் அதிலேயே இருக்கிறது. சோதனைப் பெயர் வெளியே கசியும், ஊரே பயன்படுத்தும், அப்புறம் தரப்படுத்தும்போது இரண்டு பெயரையும் காலம் முழுக்கச் சுமக்க வேண்டும். கோரிக்கை முதலில் எங்கிருந்து வந்தது என்று சொல்ல, இடையில் நிற்கும் ப்ராக்ஸி சர்வர் சேர்க்கும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டரைப் பாருங்கள். 2014-இல் ஆர்எஃப்சி 7239 வழியாக 'ஃபார்வர்டட்' என்று முறையான ஹெட்டரே வந்துவிட்டது. இன்றைக்கும் ப்ராக்ஸி அமைப்புக் கோப்புகளைத் திறந்தால் பெரும்பாலும் பழைய எக்ஸ்தான் உட்கார்ந்திருக்கிறது.

பெயர் முதல் நாளிலிருந்தே கடைசிப் பெயராக இருக்கட்டும். தடுப்பு பெயருக்கு வெளியே, ஒரு ஃப்ளாக்காக, அதாவது வேண்டுபவர் தனியே இயக்கும் சுவிட்சாக இருக்கட்டும். சோதனை முடிந்ததும் ஃப்ளாக்கை எடுத்தால் போதும், யாருடைய நிரலிலும் ஓர் எழுத்துகூட மாற வேண்டாம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை.

கர்னல்கிழவர்:
மொத்த வாதமும் ஒரு தப்பான உதாரணத்தின் மேல் நிற்கிறது. எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் சோதனை வசதியே இல்லை. ஸ்க்விட் ப்ராக்ஸியை எழுதியவர்கள் தங்கள் தேவைக்காகச் சேர்த்த ஹெட்டர் அது. தனிப்பட்ட நீட்டிப்பு வேறு, சோதனை வேறு.

பெயரிலேயே எச்சரிக்கை வைத்து ஜெயித்த கதை வேண்டுமா? லினக்ஸின் கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4. 2006-இல் லினக்ஸின் மையமான கர்னலின் 2.6.19 பதிப்புக்குள் வந்தபோது அதன் பெயர் 'இஎக்ஸ்டி4டெவ்'. வட்டில் எழுதும் வடிவம் இன்னும் மாறலாம் என்று பெயரே சொன்னது. 2008 டிசம்பரில் 2.6.28 வந்தபோது 'டெவ்' போய்விட்டது. இரண்டு பெயரையும் யாரும் காலம் முழுக்கச் சுமக்கவில்லை. தரவை நம்பி ஒப்படைக்கும் கோப்பு முறைமையிலேயே இது நடந்தது. நம் ஜேசன் நூலகத்தில் நடக்காதா?

கடைசிவரி:
'டெவ்' பின்னால் வருகிறது. அது பின்னொட்டு. சும்மா சொன்னேன்.

கர்னல்கிழவர்:
பெயரில் ஒட்டுவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. எந்தப் பக்கம் என்பது இல்லை.

அரைப்புள்ளி:
உங்கள் வாக்கில் "முன்னால்" என்றுதான் இருக்கிறது. மேலே மேற்கோளாகவே போட்டிருக்கிறேன்.

சரி, அதை விடுங்கள். இஎக்ஸ்டி4டெவ் கதையில் பாதியை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அதைப் பயன்படுத்த விரும்பியவர்களிடம், டியூன்2எஃப்எஸ் கட்டளையால் வட்டில் 'டெஸ்ட்_எஃப்எஸ்' குறியைப் போடச் சொன்னார்கள். கர்னலோடு வந்த ஆவணத்திலேயே அப்படித்தான் இருந்தது. அந்தக் குறியின் பெயர் என்ன? ஃப்ளாக்! ஆக, நீங்கள் கொண்டுவந்த சாட்சியே என் பக்கம் பேசுகிறது.

எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் சோதனை இல்லையாம். பின்னே அந்த எக்ஸ் அங்கே என்ன செய்கிறது? அழகுக்கா?

மெய்ப்பொருள்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சோதனை என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தீர்மானிக்கலாமா? ஜாவாவில் இதைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஏபிஐ, அதாவது நிரல்கள் அழைக்கும் இடைமுகம், இன்னும் மாறலாம் என்றால் இன்குபேட்டர் தொகுதி, பெயரே ஜேடிகே.இன்குபேட்டர் என்று தொடங்கும். மொழி வசதி ஏறக்குறைய முடிந்து, கருத்துக்காகக் காத்திருந்தால் பிரிவியூ, அதற்கு ஃப்ளாக். எச்டிடிபி கிளையன்ட் ஜாவா 9-இல் இன்குபேட்டராக வந்து, 2018-இல் ஜாவா 11 வந்தபோது ஜாவா.நெட்.எச்டிடிபி என்று பெயர் மாறியது. அதாவது ஒரே திட்டத்தில் இரண்டு வழியும் இருக்கிறது. நீங்கள் இருவரும் வேறு வேறு நிலையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று தோன்றுகிறது.

அரைப்புள்ளி:
ஜாவாவை யார் கேட்டது? கேள்வி எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் பற்றி. பதில் இன்னும் வரவில்லை.

முன்முனை:
ஃப்ரன்ட்எண்ட் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. முன்னொட்டு என்றாலே எங்களுக்கு உடம்பு நடுங்கும். வெப்கிட், மோஸ், எம்எஸ், ஓ என்று பிரவுசருக்கு ஒரு முன்னொட்டு வைத்து, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஒரே சிஎஸ்எஸ் வரியை நான்கு தடவை எழுதிய தலைமுறை நாங்கள். அதிலும் பலர் வெப்கிட் வரியை மட்டும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் என்ன ஆனது? 2012-இல் ஓபரா வெப்கிட் முன்னொட்டுகளில் சிலவற்றைத் தானே ஏற்றுக்கொண்டது. 2016-இல் ஃபயர்ஃபாக்ஸ் 49-ம் இறங்கி வந்தது. போட்டி நிறுவனத்தின் சோதனைப் பெயரைத் தன் பிரவுசரில் நிரந்தரமாகச் சேர்க்க வேண்டிய நிலை! இத்தனை வரிக்கு மேல் உரையை வெட்டும் வெப்கிட்-லைன்-கிளாம்ப் இன்றும் அதே பெயரில் ஓடுகிறது. குரோமின் பிளிங்க் எஞ்சின் 2013-இல் பிரிந்தபோதே, புதிய வசதிக்கு முன்னொட்டு கிடையாது, ஃப்ளாக்தான் என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

அரைப்புள்ளி:
கேட்டீர்களா கிழவரே? நன்றி முன்முனை. கடைசியில் விஷயம் தெரிந்த ஒருவர்.

முன்முனை:
அதற்காக ஃப்ளாக்தான் மருந்து என்று நான் சொல்லவில்லை. முகப்புகளைக் கட்டும் ரியாக்ட் நூலகத்தில் 'அன்ஸ்டேபிள்_பேட்ச்டுஅப்டேட்ஸ்' என்று முன்னொட்டோடு இருந்ததை ரியாக்ட்-ரிடக்ஸ் நூலகமே நம்பி இயங்கியது. உள்விவகாரங்களைத் தொட்டால் வேலை போய்விடும் என்று மாறியின் பெயரிலேயே எழுதிவைத்தார்கள். அதையும் தொட்டார்கள். ரியாக்ட் 19-இல் அந்தப் பெயரையே மாற்றி, பயன்படுத்தினால் மேம்படுத்த முடியாமல் போகும் என்று பயனர்களை எச்சரியுங்கள் என்கிற மாதிரி வைத்தார்கள். பெயரில் எதை எழுதினாலும் மக்கள் படிப்பதில்லை.

கர்னல்கிழவர்:
ஃப்ளாக்கை மட்டும் படிக்கிறார்களா? கர்னலில் 'கான்ஃபிக்_எக்ஸ்பெரிமென்டல்' என்று ஓர் அமைப்பு இருந்தது. அரைப்புள்ளி கேட்கிற அதே மாதிரி, பெயருக்கு வெளியே நிற்கும் தடுப்பு. லினக்ஸைத் தொகுத்துத் தரும் டிஸ்ட்ரோக்கள் அதை இயக்கியே வெளியிட்டன, ஏனென்றால் தேவையான டிரைவர்கள் பாதி அதற்குப் பின்னால் இருந்தன. எல்லோரும் இயக்கியிருக்கிற ஃப்ளாக்குக்கு என்ன அர்த்தம்? ஒன்றும் இல்லை. 2013-இல் 3.9 பதிப்பில் தூக்கி எறிந்தார்கள்.

மென்பொருள்களை நிறுவும் கருவியான நிக்ஸின் உலகத்தைப் பாருங்கள். ஃப்ளேக்ஸ் என்ற வசதி 2021-இல் 2.4 பதிப்போடு வந்தது. இன்றும் சோதனை என்றே பெயர். பயிற்சிக் குறிப்புகளில் முதல் வரியே 'எக்ஸ்பெரிமென்டல்-ஃபீச்சர்ஸ்' என்று ஒரு வரியைக் கோப்பில் ஒட்டச் சொல்கிறது. ஒட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். பெயரில் இருந்தால் நிரலைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் கண்ணில் குத்தும். எங்கோ ஒரு கோப்பில் கிடக்கும் ஃப்ளாக் யார் கண்ணில் படும்?

அரைப்புள்ளி:
கண்ணில் குத்தட்டும் என்கிறீர்கள். எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் எத்தனை வருடமாகக் கண்ணில் குத்துகிறது? யாராவது மாற்றினார்களா?

கர்னல்கிழவர்:
ஸ்க்விட். ஸ்க்விட். ஸ்க்விட். அது சோதனை இல்லை. இன்னும் எத்தனை தடவை எழுத வேண்டும்?

நைட்லிநிலா:
உங்கள் இருவருக்கும் 2015-லேயே பதில் கொடுத்தாகிவிட்டது. ரஸ்ட் மொழியில் சோதனை வசதி வேண்டுமானால் நிரலின் தலைப்பிலேயே ஃபீச்சர் என்று அறிவிக்க வேண்டும். அதுவும் தினமும் வெளியாகும் நைட்லி கம்பைலரில் மட்டும். எல்லோருக்குமான ஸ்டேபிள் கம்பைலரில் போட்டால் இ0554 பிழை, அவ்வளவுதான், கெஞ்சினாலும் விடாது. பெயரும் கடைசிப் பெயர், எச்சரிக்கையும் கண்ணெதிரே. இதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள், வேறு ஒன்றும் யோசிக்க வேண்டாம்.

கர்னல்கிழவர்:
கெஞ்சினால் விடாதா? 'ரஸ்ட்சி_பூட்ஸ்ட்ராப்=1' என்று ஒரு சூழல் மாறி இருக்கிறதே, அதைப் போட்டால் ஸ்டேபிளும் சோதனை வசதிகளைத் திறந்துவிடுகிறதே?

நைட்லிநிலா:
அது கம்பைலரைக் கட்டுவதற்கான உள்வழி. வெளியாட்கள் தொடக்கூடாது. தொட்டவர்களில் பெரிய ஆள் யார் தெரியுமா? லினக்ஸ் கர்னல்! ரஸ்ட் நிரலைக் கட்ட அவர்களுடைய மேக்ஃபைல் அதைத்தான் போடுகிறது. ஒழுக்கத்தைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்கும் முன் உங்கள் வீட்டைப் பெருக்குங்கள், கர்னல்கிழவரே.

கர்னல்கிழவர்:
என் பெயரில் கர்னல் இருப்பதால் கர்னலில் நடப்பதெல்லாம் என் கணக்கா? மேலும், கர்னல் ஏன் அப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது? தேவையான வசதிகளை வருடக்கணக்கில் ஸ்டேபிள் ஆக்காமல் வைத்திருப்பது யார்?

நைட்லிநிலா:
தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை அது. அவசரம் இருந்தால் வந்து கை கொடுங்கள். வெளியே நின்று குறை சொல்வது சுலபம்.

கடைசிவரி:
இப்போது ரஸ்ட் சண்டையும் ஆரம்பம். இன்னும் நிரலை உள்தள்ள டேப்பா ஸ்பேஸா மட்டும்தான் பாக்கி.

அரைப்புள்ளி:
நைட்லிநிலா சொல்வது என் கருத்துதான், வேறு உடையில். பெயர் சுத்தமாக இருக்க வேண்டும்.

கர்னல்கிழவர்:
சுத்தமான பெயர் என்ன செய்யும் என்று பாருங்கள். கோ மொழியில் பட்டியல்களைக் கையாளும் 'ஸ்லைசஸ்' முதலில் சோதனைக்கான எக்ஸ்/எக்ஸ்ப் தொகுப்பில் இருந்தது. அதில் வரிசைப்படுத்தும் செயற்கூறின் பெயர் 'சார்ட்ஃபங்க்', எந்த ஒட்டும் இல்லாத கடைசிப் பெயர். 2023-இல் 1.21 பதிப்போடு நிலையான நூலகத்துக்கு வந்தபோது அதே பெயர், ஆனால் உள்ளே கொடுக்க வேண்டியது வேறு. முன்பு உண்மை, பொய் என்று திருப்பித் தரும் ஒப்பீடு. இப்போது முழு எண். எக்ஸ்ப் தொகுப்பையும் அதற்கேற்ப மாற்றியதும் அதை நம்பியிருந்தவர்களின் பில்டுகள் உடைந்தன. பெயர் மாறியிருந்தால் பழையது பழையபடி ஓடியிருக்கும். "ஓர் எழுத்துகூட மாற வேண்டாம்" என்று மேலே எழுதியவர் இதற்கு என்ன சொல்கிறார்?

அரைப்புள்ளி:
தொகுப்பின் பாதையிலேயே 'எக்ஸ்ப்' என்று ஒட்டியிருக்கிறது. ஒட்டு இருந்தும் உடைந்தது. அப்படியானால் ஒட்டு எதற்கு? மறுபடியும் உங்கள் சாட்சி என் பக்கம். உங்களோடு வாதாடுவது சுகமாக இருக்கிறது, என் வேலையை நீங்களே செய்துவிடுகிறீர்கள்.

எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் பற்றி இன்னும் பதில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

மெய்ப்பொருள்:
எப்போது முடியும் என்று தேதி வைக்காததுதான் இரண்டு பக்கத்திலும் பிரச்சினை. சர்வர்களில் கன்டெய்னர்களை இயக்கும் குபர்நெட்டிஸில், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உள்ளே அனுப்பும் இன்க்ரஸ் 2015-இல் பீட்டாவாக வந்து 2020-இல்தான் நிலையானது. அதற்குள் எல்லோருடைய யாமல் அமைப்புக் கோப்பிலும் வி1பீட்டா1 என்ற பெயர் குடியேறிவிட்டது. 2021-இல் 1.22 பதிப்பில் பழைய பெயரை எடுத்தபோது அந்தக் கோப்புகள் உடைந்தன. அதன் பிறகு 1.24-இலிருந்து புதிய பீட்டா ஏபிஐகள் இயல்பாக அணைந்தே இருக்கும் என்று மாற்றினார்கள். பைத்தானில் இன்னொரு வகை: 'ஃப்யூச்சர்' இறக்குமதி வழியாக, வகைக் குறிப்புகளை உடனே மதிப்பிடாமல் வைக்கும் அனோட்டேஷன்ஸ் 3.7-இல் வந்தது, 3.10-இல் இயல்பாகும் என்றார்கள், தள்ளிப்போட்டார்கள், 3.14-இல் வேறு வழியையே எடுத்துக்கொண்டார்கள். முடிவுத் தேதியைப் பற்றி யாராவது ஒரு வரி...

முன்முனை:
அதெல்லாம் இருக்கட்டும். நம் நூலகத்தில் அடிக்கோடா இடைக்கோடா? ஃப்ளாக் என்றாலும் முன்னொட்டு என்றாலும் அதை முடிவுசெய்ய வேண்டுமே.

அரைப்புள்ளி:
இடைக்கோடு. கட்டளை வரியில் அடிக்கோடு எழுத ஷிஃப்டை அழுத்த வேண்டும்.

கர்னல்கிழவர்:
அடிக்கோடு. பெரும்பாலான மொழிகளில் இடைக்கோடு கழித்தல் குறி.

அரைப்புள்ளி:
வந்துவிட்டதா! எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். போன பதிப்பில் என் நிரலைச் சேர்க்கக் கேட்டு நான் அனுப்பிய புல் ரிக்வெஸ்டை இவர் மூடியது இதே அடிக்கோட்டுக்காகத்தான். ஸ்ட்ரீமிங் பார்ஸர் முழுக்க எழுதி, டெஸ்ட் எழுதி, ஃப்ளாக் வைத்து அனுப்பினேன். வந்த விமர்சனம் ஒரே வரி: "பெயரைச் சரிசெய்யவும்." நிரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கர்னல்கிழவர்:
டாக்குமென்டேஷன் இல்லாமல் அனுப்பியதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். ஃப்ளாக் பெயர் கேட்டால் "நிரலைப் படியுங்கள்" என்று பதில். பயனர்களுக்கும் அதையே சொல்வதா?

அரைப்புள்ளி:
மூடிய புல் ரிக்வெஸ்டுக்கு யாராவது டாக்குமென்டேஷன் எழுதுவார்களா? முதலில் திறந்து வைத்திருக்க வேண்டும்.

நைட்லிநிலா:
அந்தப் பார்ஸரை ரஸ்டில் எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கடைசிவரி:
யாராவது வந்து சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தேன்.

அரைப்புள்ளி:
இன்று இரவே மறுபடி அனுப்புகிறேன். இடைக்கோட்டோடு, ஃப்ளாக்கோடு, பெயரில் எந்த ஒட்டும் இல்லாமல். டாக்குமென்டேஷனும் சேர்த்து, இரண்டு மடங்கு நீளத்துக்கு. இந்த முறை மூடினால் காரணத்தை எல்லோர் முன்னாலும் எழுதுங்கள்.

கர்னல்கிழவர்:
தாராளமாக அனுப்புங்கள். ஆனால் நேற்றிலிருந்து ஃப்ரீஸ். பதிப்பு வெளியாகும் வரை பிழைத்திருத்தம் மட்டும்தான் எடுப்போம்.

அரைப்புள்ளி:
நேற்றிலிருந்தா? யார் அறிவித்தது? எங்கே?

கர்னல்கிழவர்:
டாக்குமென்டேஷனில் இருக்கிறது.